வௌவால் அட்டவணை

கேள்வி: நீலகிரி வௌவால்களின் உடலளவு, உணவு, தங்குமிடத்தை நூல்களிலிருந்து தொகுக்கிறேன். ஒரே இனத்துக்கு ஆளுக்கொரு எடை தருகிறார்களே, எதை எடுப்பது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: எடையை அடிப்படையாக வைக்காதீர்கள். வயிறு நிறைந்தாலும் சினைப்பட்டாலும் கூடிவிடும். முழங்கை முதல் மணிக்கட்டு வரையான முன்கை நீளத்தை மில்லிமீட்டரில் எடுங்கள். நேரில் அளந்த பதிவென்றால், விரித்த இறக்கையை வெளிச்சத்தில் பார்த்தார்களா என்று கவனியுங்கள். விரல் மூட்டில் ஒளி ஊடுருவும் பட்டை தெரிந்தால் அது வளராத குட்டி, சராசரியில் சேராது. எத்தனை வௌவால், ஆணா பெண்ணா, எந்த ஊர், கடல்மட்டத்திலிருந்து என்ன உயரம் என்பதற்கும் அட்டவணையில் தனித்தனி நெடுவரிசை வேண்டும்.

பெரிய வம்பு, தகவல் இல்லாத கட்டத்தில் 0 போடுவது. கணினி அதையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடும். காலியாகவே விடுங்கள்.

குதிரைலாட வௌவால் இனமான ரைனோலோபஸ் ரூக்ஸியின் பழைய பதிவுகளில், பின்னர் தனி இனமாகப் பிரிக்கப்பட்ட இன்டோரூக்ஸியும் கலந்திருக்கலாம். இரண்டும் எழுப்பும் ஒலியின் அலைவெண் வேறு; அது குறிக்கப்படாத பதிவுகளை ஒதுக்கி வையுங்கள்.