ஹேஸ் விதிமுறை என்றால் என்ன? ஹாலிவுட் ஏன் அதை ஏற்றுக்கொண்டது?

ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகள்தான் ஹேஸ் விதிமுறை (அப்போதைய திரைத்துறைச் சங்கத் தலைவர் வில் ஹேஸின் பெயர்தான் அது). 1930ல் எழுதப்பட்டாலும் 1934ல் அதை அமல்படுத்தும் அலுவலகத்துக்கு ஜோசப் பிரீன் தலைவராக வந்த பிறகுதான் அதற்குப் பல் முளைத்தது. குற்றவாளி தப்பிக்கக் கூடாது, பாதிரியாரைக் கேலி செய்யக் கூடாது, வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதைக் காட்டக் கூடாது (இதற்குப் பெயர் ஒழுக்கமாம்!).

சரி, ஏன் இப்படி? 1915ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சினிமா வெறும் வியாபாரம், அதற்குப் பேச்சுரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. அப்புறம் என்ன, சில மாநிலங்களில் ஒரு தணிக்கை வாரியம், பல நகரங்களில் இன்னொன்று என்று ஒரே படத்தை ஊருக்கொரு விதமாக வெட்டினார்கள், போதாக்குறைக்குக் கத்தோலிக்க அமைப்புகள் படங்களைப் புறக்கணிப்போம் என்று மிரட்டின. நகராட்சி வந்து கடையைச் சீல் வைப்பதற்குள் வியாபாரிகள் சங்கமே தராசைச் சரிபார்ப்பது போலத்தான் இதுவும்.

பிரீன் அலுவலகத்தின் சான்றிதழ் இல்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். முக்கியமான தியேட்டர்கள் பெரிய ஸ்டுடியோக்களின் கையில் இருந்ததால் மீறுவது கஷ்டம். 1948ல் ஸ்டுடியோக்களிடமிருந்து தியேட்டர்களைப் பிரிக்க வைக்கும் தீர்ப்பு வந்தது, 1952ல் சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டு என்றது நீதிமன்றம், பிடி தளர்ந்தது. 1968ல் அதன் இடத்துக்கு வயதுவாரித் தரக்குறியீடு வந்தது.

பலர் நினைப்பது போல இது அரசாங்கச் சட்டம் அல்ல. இன்றைய 'ஆர்' முத்திரையும் (17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்பது) திரைத்துறைச் சங்கம் தருவதுதான்.