அறுபதைத் தாண்டியும் வயலில் நிற்பவர்களுக்கு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வயல்வேலை செய்கிறவர்களின் உடல்நலத்தைப் பல வருடங்களாகக் கவனித்து வரும் செவிலியர் நான். வயதான தொழிலாளர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 67 வயது. வாழ்நாள் முழுக்க வெயிலில் நின்றவர், போன வாரம் வயலிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பழகிய உடம்புக்கு இப்படி ஆகுமா? பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்.

ஆகும். வயது ஏற ஏறத் தாகம் தெரிவது குறையும், வியர்ப்பதும் குறையும். உடம்பில் தண்ணீர் குறைந்த பிறகும் அவருக்குக் குடிக்கத் தோன்றாது, அதனால் 'தாகம் எடுத்தால் குடிக்கிறேன்' என்று அவர் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். வெயில் பழக்கமும் நிரந்தரமில்லை. சில வாரம் வேலைக்குப் போகாமல் இருந்தாலே போய்விடும், திரும்ப வர ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அந்த நாட்களில் அரைநேர வேலையில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவதுதான் சரி.

மாத்திரையையும் பாருங்கள். பிரஷருக்குத் தருவதில் சில, சிறுநீரை அதிகமாகப் பிரித்து உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றும்; சில, இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும், அதனால் சூட்டைத் தணிக்க இதயம் வேகமெடுக்க வேண்டிய நேரத்தில் முடியாமல் போகும். அதற்காக நீங்களே நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை அட்டையோடு மருத்துவரிடம் போய், 'இவர் வெயிலில் வேலை செய்கிறார்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பல பேர் இதைச் சொல்வதே இல்லை. வேலை நேரத்தில் 15-20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேச்சு குழறினாலோ, ஆள் குழம்பினாலோ, மயங்கினாலோ, வியர்வை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்தான வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு சரியில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

எனக்கு 71. டிராக்டர் ஓட்டுவதை விட வேண்டுமா?

வயதை மட்டும் வைத்து நான் சொல்ல மாட்டேன் ஐயா. கண், காது, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா, இந்த மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மங்கிய வெளிச்சத்தில் ஓட்டாதீர்கள். அப்புறம் வண்டி. கவிழ்ந்தால் ஓட்டுநரை நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டம் இருக்கைக்கு மேலோ பின்னாலோ இருக்கிறதா? ஸ்வீடனில் 1959 முதல் புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள், அதன்பின் கவிழ்ந்து இறப்பது வெகுவாகக் குறைந்தது. உங்கள் வண்டியில் அந்த இரும்புச் சட்டம் இருந்தால் சீட் பெல்ட் போட்டே ஆக வேண்டும். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது, கவிழும்போது அது உங்களை வண்டியோடு சேர்த்துக் கட்டிவைத்துவிடும்.

பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. துணியின் ஓரம் சிக்கினால் இழுத்துக்கொள்ள எந்த வயதுக்காரருக்கும் நேரம் கிடைக்காது. மூடி இல்லாத தண்டின் பக்கமே போகாதீர்கள், எஞ்சினை நிறுத்தாமல் இறங்காதீர்கள்.

63 வயது மாமா மருந்தடிக்கிறார். 'எனக்கு எல்லாம் பழகிவிட்டது' என்கிறார், கையுறை போடுவதில்லை.

வாசனைதான் பழகும், விஷம் பழகாது. ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்துகள் தோல் வழியாகவே உள்ளே போகும். கண்மணி சுருங்குவது, எச்சில் ஒழுகுவது, கொட்டும் வியர்வை, மூச்சுத்திணறல் எல்லாம் அதன் அறிகுறிகள். அப்போது உடையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவின் லேபிளோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும், கழுவுகிறவரும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். 16 லிட்டர் தெளிப்பான் நிறைந்தால் தண்ணீரே 16 கிலோ, அந்த வயது முதுகுக்கு அது அதிகம். மருந்தடிப்பதை இளையவரிடம் கொடுப்பதுதான் என் கருத்து, அவரும் பாதுகாப்பு உடையோடுதான்.

முழங்கால் வலியோடு களை எடுக்கிறேன்.

குந்தி உட்கார்வதுதான் முழங்காலை அதிகம் அழுத்தும் அம்மா. நீளக் காம்புக் கருவியோ தாழ்ந்த முக்காலியோ பயன்படுத்துங்கள், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். வீங்கியிருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் தாத்தா ஏணியிலிருந்து விழுந்தார். தலையில் லேசான அடிதான், நன்றாகப் பேசுகிறார்.

இதைப் படித்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலைக்குள் மெதுவாக ரத்தம் கசியலாம், முதலில் ஒன்றும் தெரியாது. இனி ஏணி அவருக்கு வேண்டாம்.

அம்மாவை வேலைக்குப் போகாதே என்றால் அழுகிறார். எப்படிச் சொல்வது?

'போகாதே' என்று சொல்லாதீர்கள். வேலை அவருக்கு வருமானமும்தான், மரியாதையும்தான். அவர் செய்வதையெல்லாம் அவரோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள்: எது அதிகாலையில் முடியும், எதை உட்கார்ந்து செய்யலாம், எதற்கு இன்னொரு கை வேண்டும் என்று. விதை பிரிப்பது, நாற்றங்கால் பார்ப்பது, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் பக்கம் போகட்டும். சுமை தூக்குவதையும் உச்சிவெயில் வேலையையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகும் நாளில் போனைக் கையோடு கொடுத்துவிட்டு, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.