கால் முறிந்ததற்குச் சாட்சி சொல்லலாமா?

கேள்வி: எங்கள் பங்குப் பனந்தோப்பில் சித்தப்பா மகன் ஒரு போலிப் பத்திரத்தைக் காட்டி வேலி போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கேஸ் போடச் சொன்னாள் என் மனைவி. ‘பழிவாங்குதல் கர்த்தருக்குரியது’ என்று நான் விட்டுவிட்டேன். ஊழியர் ஒருவர் சொன்னபடி தினமும் 109ஆம் சங்கீதம் வாசித்து ஜெபித்து வந்தேன். போன மாதம் அவன் பைக்கில் போகும்போது லாரி இடித்துக் கால் முறிந்துவிட்டது. கர்த்தர் நியாயம் செய்தார் என்று சபையில் சாட்சி சொல்லலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாசரேத்)

பதில்: வேண்டாம், சகோதரரே. நீங்கள் மைக்கைப் பிடித்து ஒரு மனிதனின் கால் முறிந்ததற்கு ஸ்தோத்திரம் சொல்ல, சபையார் அல்லேலூயா போட, மூன்றாவது வரிசையில் அவனைப் பெற்றவள், அதாவது உங்கள் சித்தி, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? பங்காளிகள் பெரும்பாலும் ஒரே சபைதானே.

‘விட்டுவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே விட்டீர்கள்? விடிந்ததும் எழுந்து ‘அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களும், அவன் மனைவி விதவையுமாகக்கடவர்கள்’ என்று இரண்டு வருஷமாக வாசித்திருக்கிறீர்கள். இதற்கும் ஆள் வைத்து அடிப்பதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே கூலி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்பதை நம் ஜனங்கள் எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். மண்ணை வாரித் தூற்றுகிறவர்களையும் காசு வெட்டிப் போடுகிறவர்களையும் பார்த்து அஞ்ஞானம் என்கிறோம், அதே வேலையை வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்கிறோம்.

109ஆம் சங்கீதத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. அடிபட்டவன் அரிவாளை எடுக்காமல் வயிற்றெரிச்சலை எல்லாம் கடவுள் முன்னால் கொட்டுகிறான், கொட்டட்டும், அவர் தாங்குவார். அதை வேளாவேளைக்கு மருந்து மாதிரி எழுதிக் கொடுத்த அந்த ஊழியர் மேல்தான் வருத்தம். லாரி விஷயத்துக்கு வருவோம். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்டார், ‘அப்படியல்ல’ என்று அவரே பதிலும் சொன்னார். அவன் கால் முறிந்தது தீர்ப்பு என்றால், நாளைக்கு உங்கள் வீட்டில் ஒருவர் வழுக்கி விழுந்தால் அதை என்னவென்று சொல்வீர்கள்? நீதிமொழிகள் 24இல் இன்னும் வேடிக்கை. சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே, கர்த்தர் அதைப் பார்த்துவிட்டு அவன்மேலுள்ள கோபத்தை நீக்கிவிடுவார் என்று இருக்கிறது.

ஒரு வழக்கை நீதிபதியிடம் கொடுத்தால் தீர்ப்பையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். தீர்ப்பை நாமே எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, கையெழுத்து மட்டும் போடுங்கள் ஆண்டவரே என்று நிற்க முடியாது. அவர் மன்னித்தும் விடலாம். யோனாவுக்கு அதுதானே பிரச்சினை? நினிவே நகரம் அழியப்போகிறது என்று அறிவித்த தீர்க்கதரிசி அவன், ஜனங்கள் மனந்திரும்பியதால் அது அழியவில்லை என்று ஊருக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்து, செத்துப்போகிறேன் என்று அடம் பிடித்தான். வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமான பேர் அங்கே இருக்கிறார்களே, நான் பரிதபிக்காமல் இருப்பேனா என்று கடவுள் கேட்டார். யோனா என்ன பதில் சொன்னான் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. உங்கள் சித்தப்பா மகன் மனந்திரும்பி அடுத்த வருஷம் அதே சபையில் சாட்சி சொன்னால், நீங்கள் எந்த வரிசையில் உட்காருவீர்கள்?

தாவீதைப் பாருங்கள். அவனைக் கொல்லத் தேடிக்கொண்டிருந்த ராஜா சவுல், எங்கேதிக் குகையில் தனியாகக் கைக்கு எட்டும் தூரத்தில் அகப்பட்டான். தாவீது சால்வைத் தொங்கலை அறுத்தானே தவிர ஆளைத் தொடவில்லை, அதற்கே அவன் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் வாயை மூடிக்கொண்டு போகவும் இல்லை. வெளியே வந்து சவுலைக் கூப்பிட்டு, நீர் செய்வது அநியாயம், கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுநின்று நியாயம் விசாரிப்பார், என் கை உம்மேல் விழாது என்று நேருக்கு நேர் சொன்னான். பிற்பாடு சவுல் செத்த செய்தி வந்தபோது வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் உபவாசமிருந்து அழுதான். உங்களுக்கு லாரி இடித்த செய்தி வந்த அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது? நான் கேட்கவில்லை, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தாவீதும் முழுசாக விட்டவன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாலு பேர் கடிதம் எழுதுவீர்கள். கல்லெறிந்து தூஷித்த சீமேயியைக் கொல்லமாட்டேன் என்று ஆணையிட்டவன், சாகக் கிடந்தபோது சாலொமோனைக் கூப்பிட்டு, அவன் நரைமயிரை இரத்தத்தோடே பாதாளத்தில் இறங்கப்பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனான். அத்தனை வருஷமும் அந்தக் கணக்கை மனசுக்குள் வைத்திருந்திருக்கிறான்.

சரி, தோப்பு விஷயம். அதில் உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. ‘பழிவாங்குதல் எனக்குரியது’ என்று பவுல் எழுதியது ரோமர் 12:19. அங்கிருந்து ஆறு வசனம் தள்ளிப் படியுங்கள், அதிகாரத்தில் இருப்பவன் தீமை செய்கிறவன் மேல் நீதியைச் செலுத்தும் தேவ ஊழியக்காரன் என்று வரும். அதிகாரப் பிரிவு நடுவில் குறுக்கிடுவதால் நாம் 12ஆம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்கிறோம், பவுல் நிறுத்தவில்லை. சகோதரனுக்கு விரோதமாக வழக்குக்குப் போகிறீர்களே என்று கொரிந்து சபையை அவர் கண்டித்தது உண்மைதான், உங்களுக்குள்ளே தீர்த்து வைக்க ஒரு விவேகி கூடவா இல்லை என்பது அங்கே அவர் கேட்ட கேள்வி. அதனால் முதலில் சபைப் பெரியவர்கள் இரண்டு பேரை உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள். அவன் வரமாட்டேன் என்றால் கோர்ட்டுக்குப் போவதில் பாவம் ஒன்றுமில்லை, பவுலே இராயனுக்கு அபயமிட்டவர்தான், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தவர்தான்.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரையும் இரண்டு சின்ன மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை மன்னித்துவிட்டேன் என்று கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் சொன்னார், பாரிபதாவில் தொழுநோயாளிகளோடு இன்னும் சில வருஷம் இருந்துவிட்டுத்தான் ஆஸ்திரேலியா திரும்பினார். அவர் மன்னித்தார் என்பதற்காக வழக்கு நிற்கவில்லை. முக்கியக் குற்றவாளிக்கு 2003இல் மரண தண்டனை, 2005இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. அவர் தன் பங்கைச் செய்தார், கோர்ட் தன் பங்கைச் செய்தது. பனந்தோப்பை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று, இது பிரசங்கம் இல்லை. ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட, விஷயம் தெரியவந்த நாளிலிருந்து 3 வருஷம்தான் கெடு. உங்களுக்கு இரண்டு ஓடிவிட்டது. நிலத்தை அவன் 12 வருஷம் எதிர் அனுபவத்தில், அதாவது உங்கள் உரிமையை மறுத்துத் தன்னுடையது போலத் தொடர்ந்து, வைத்திருந்தால் தோப்பையே மறந்துவிட வேண்டியதுதான். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவனைப் போய்ப் பாருங்கள், ஆரஞ்சோ ஆப்பிளோ வாங்கிக்கொண்டு போங்கள். சித்தியிடம் நாலு வார்த்தை பேசுங்கள். வேலியைப் பற்றி அங்கே மூச்சு விட வேண்டாம், அதற்குத் திங்கட்கிழமை வக்கீல் ஆபீஸ் திறந்திருக்கும்.