தனி அடுப்பு வைத்தால் பாசம் போய்விடுமா?

கேள்வி: மகனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. "எங்களை வேறு வைத்துவிடுங்கள் ஆத்தா" என்கிறான். அதே வீட்டில்தான் இருப்பார்களாம், சமையல் மட்டும் தனியாம். ஒருவரை ஒருவர் சார்ந்து வாழ்வதுதானே குடும்பம்? இது பிரிவினை இல்லையா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: இல்லை ஆச்சி. நம் செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளைக் கட்டியதே இதை மனதில் வைத்துத்தானே! வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, பின்கட்டில் அவரவருக்கு அடுப்பு. அரிசி, பருப்பு, பாத்திரம் பண்டமெல்லாம் கொடுத்து வேறு வைத்தார்கள், ஆனால் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அத்தனை பேருக்கும் ஒரே பந்திதான். கோயில் கணக்கிலும் கல்யாணமான ஜோடி தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம், அவர்கள் வரி அவர்கள் பொறுப்பு.

நம் செட்டியார்கள் வெளிநாட்டில் வட்டித் தொழில் செய்த கிட்டங்கிகளையும் பாருங்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஒரே கூடத்தில் வரிசையாகப் பல கடைகள், ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு கணக்கு. தொழிலில் போட்டியாளர்கள்தான், ஆனாலும் கையில் பணம் குறைந்தால் மற்ற செட்டியார் கடைகளில் வாங்கிச் சமாளித்தார்கள், இவர்களும் அவர்களுக்குக் கொடுத்தார்கள். தன் பெட்டி என்று ஒன்று இருந்ததால்தான் கொடுக்கவும் முடிந்தது, கூசாமல் கேட்கவும் முடிந்தது. ஒருவர் கொடுத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் கை நீட்டிக்கொண்டே இருந்தால், அதை ஒருவரை ஒருவர் சார்ந்திருப்பது என்று என்னால் சொல்ல முடியவில்லை, எவ்வளவு பாசம் இருந்தாலும் சரி.

அதனால் சந்தோஷமாக வேறு வையுங்கள். அப்புறம், நீங்களும் அவர்களிடம் கேட்கப் பழகுங்கள். பேங்க் வேலையோ, மாத்திரை வாங்குவதோ, முடியாத நாளில் ஒரு குவளை ரசமோ, வாய்விட்டுக் கேளுங்கள். நம் ஆச்சிமார் பலருக்குக் கொடுக்கத் தெரிந்த அளவு கேட்கத் தெரிவதில்லை, மருமகளுக்கு நீங்கள் செய்கிற பெரிய மரியாதையே அவளிடம் ஒன்று கேட்பதுதான்.

கேள்வி: கடன் கொடுப்பவர் கைதானே எப்போதும் மேலே இருக்கும்? வாங்குபவரை அவர் எதற்குச் சார்ந்திருக்க வேண்டும்?
- ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: பர்மாவில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்குமே. 1930இல் நெல் விலை சரிந்ததும், நம் செட்டியார்களிடம் கடன் வாங்கியிருந்த விவசாயிகளால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1938இல் 25 சதவீதம் ஆனது. பார்த்தால் லாபம் மாதிரி இருக்கும், ஆனால் அவர்களுக்கு வேண்டியது திரும்பி வருகிற பணம், நிலம் இல்லை. விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை, போட்ட முதல் முடங்கிவிட்டது. நிலம் இழந்தவர்களின் கோபம் வேறு. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது, அந்த நிலத்தையெல்லாம் அப்படியே போட்டுவிட்டுப் பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள்.