கனடா எப்போதிலிருந்து தகுதி பார்த்தது?

கேள்வி: என் மகன் சென்னையில் இன்ஜினியரிங் முடித்தவன். கனடாவில் மேல்படிப்புக்கு இரண்டு முறை விசா மறுத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் படிப்பையும் தகுதியையும் மட்டுமே பார்த்து ஆள் எடுத்த நாடு அது. அகதி என்று சொல்லிக்கொண்டு கப்பலில் வந்தவர்களையெல்லாம் உள்ளே விட்டதால்தானே இன்று தகுதியுள்ள நம் பிள்ளைகளுக்கு இடமில்லாமல் போனது?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், மடிப்பாக்கம்

பதில்: மகனுக்கு இரண்டு முறை மறுப்பு வந்தால் வீட்டில் என்ன நிலைமை இருக்கும் என்று தெரிகிறது. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அதைக் கொண்டுபோய் அகதிகள் தலையில் இறக்குகிறீர்களே, அது நியாயமில்லை. உண்மையும் இல்லை.

முதலில் அந்த 'ஒரு காலம்' எது என்று பார்ப்போம். 1960கள் வரை கனடா பார்த்தது தகுதியை அல்ல, தோலின் நிறத்தை. மலைகளைக் குடைந்து பசிபிக் ரயில் பாதை போட ஆள் தேவைப்பட்டபோது சீனர்களை ஆயிரக்கணக்கில் கூட்டி வந்தார்கள். 1885இல் பாதை முடிந்தது. அதே ஆண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு சீனருக்கும் 50 டாலர் தலைவரி போட்டார்கள். 1903இல் அது 500 டாலர் ஆனது. ஒரு தொழிலாளியின் இரண்டு ஆண்டுக் கூலி அது. அப்படியும் வருகிறார்கள் என்று 1923இல் தனிச் சட்டமே போட்டு ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தினார்கள். 1947 வரை அந்தச் சட்டம் இருந்தது. இதே காலத்தில்தான் உக்ரைன் பக்கத்திலிருந்து வந்த விவசாயிக்குப் பத்து டாலர் பதிவுக் கட்டணத்தில் 160 ஏக்கர் நிலம் கொடுத்தார்கள். அவர் என்ன படித்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

நம் நாட்டவரை எப்படி நடத்தினார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள், வெளிப்படையாகத் தடுக்க முடியாது. அதனால் 1908இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: பிறந்த நாட்டிலிருந்து வழியில் எங்கும் மாறாமல் ஒரே பயணமாக வர வேண்டும். இந்தியாவிலிருந்து அப்படி வர வழியில்லை என்று தெரிந்தே போட்ட விதி. அதை எதிர்த்துத்தான் 1914இல் கொமகாட்டா மாரு கப்பல் 376 பயணிகளோடு வான்கூவர் போனது. பெரும்பாலும் பஞ்சாபிகள். சுமார் இருபது பேரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை. இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்தி வைத்து, போர்க்கப்பலைக் கொண்டுவந்து மிரட்டித் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் கரை இறங்கியவர்கள் மீது பிரிட்டிஷ் போலீஸ் சுட்டதில் இருபது பேர் அளவில் செத்துப் போனார்கள். கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் இதற்கு மன்னிப்புக் கேட்டது 2016இல்.

சுதந்திரத்துக்குப் பிறகாவது மாறியதா? 1951இல் ஓர் ஒதுக்கீடு வந்தது. இந்தியா முழுவதற்கும் ஆண்டுக்கு 150 பேர், இலங்கைக்கு 50 பேர். காலை நேரத் தாம்பரம் ரயிலில் ஒரு பெட்டியில் நிற்கிற கூட்டம்கூட அதைவிட அதிகம். அன்று உங்கள் மகனைப் போன்ற நூறு இன்ஜினியர்கள் மதராஸிலிருந்து விண்ணப்பித்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது.

1962இல்தான் இன அடிப்படையிலான விதிகளைப் பெரும்பாலும் நீக்கினார்கள். 1967இல் புள்ளி முறை வந்தது. படிப்பு, வயது, மொழி, தொழில் எல்லாவற்றுக்கும் சேர்த்து நூறு, அதில் ஐம்பது எடுத்தால் தேர்வு. நீங்கள் சொல்கிற தகுதி அங்கே நுழைந்தது அப்போதுதான். இதைப் பெருந்தன்மை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். போரிலிருந்து மீண்ட ஐரோப்பாவிலிருந்து ஆள் வருவது குறைந்துவிட்டது, கனடாவின் தொழிற்சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். கூடவே, நிறம் பார்க்கும் சட்டத்தை வைத்துக்கொண்டு உலக அரங்கில் பேசுவது அவர்களுக்குச் சங்கடமாகவும் இருந்தது.

சரி, கப்பலில் வந்தவர்களுக்கு வருகிறேன். யார் அவர்கள்? பெயரைச் சொல்லாமல் விட்டீர்கள், நான் சொல்கிறேன். நம் தமிழர்கள். 1983 ஜூலையில் கொழும்பில் வீடுகளும் கடைகளும் எரிந்த பிறகு உயிர் பிழைக்க ஓடியவர்கள். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 பேர் தத்தளித்தார்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் பார்த்துக் கரை சேர்த்தார். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னவர்கள் உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்பது பிறகு தெரிந்தது. உடனே அங்கே பெரிய கூச்சல். வரிசையைத் தாண்டி வந்தவர்கள், பொய்யர்கள், திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். பிரதமர் மல்ரோனி மறுத்துவிட்டார். அன்று அந்தக் கூச்சல் போட்டவர்கள் பேசியதற்கும் உங்கள் கேள்விக்கும் என்ன வித்தியாசம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 2010இல் 492 தமிழர்களோடு சன் சீ கப்பல் போய்ச் சேர்ந்தபோதும் இதே பேச்சுத்தான். அவர்களில் பலரை மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள்.

அப்படிப் போனவர்கள் நாட்டுக்குப் பாரமாகிவிட்டார்களா? தொழிற்சாலையிலும் உணவகத்திலும் இரவு பகலாக நின்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் கடை போட்டார்கள், கோயில் கட்டினார்கள், தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்குப் பணம் சேர்த்ததில் அவர்கள் பங்கு பெரியது. சிறுவனாக அங்கே போன கரி ஆனந்தசங்கரி 2015இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார், 2025இல் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். நாளைக்கு உங்கள் மகன் டொராண்டோவில் போய் இறங்கினால் வாடகைக்கு அறையும் முதல் வேலையும் பெரும்பாலும் இந்த 'கப்பலில் வந்தவர்கள்' மூலமாகத்தான் கிடைக்கும்.

இதே மக்களில் இன்னொரு பகுதி ராமேஸ்வரம் வழியாக நம்மிடம் வந்தது. உங்கள் வீட்டிலிருந்து புழலும் கும்மிடிப்பூண்டியும் அதிக தூரமில்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள், பலர் முப்பது வருடங்களுக்கு மேலாக. ஸ்கார்பரோவில் பிறந்த அகதியின் குழந்தை பிறந்த அன்றே கனடியக் குடிமகன். புழல் முகாமில் 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்த குழந்தைக்குத் தாய் தந்தை இருவரும் அகதிகள் என்றால் பிறப்பால் இந்தியக் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இவர்களைச் சேர்க்கவில்லை. அதே முகாமில் பிறந்து இன்ஜினியரிங் முடித்த ஒரு பையனின் தகுதியைப் பற்றி யார் கேள்வி அனுப்புவது? நீங்கள் அனுப்பினால் முதல் பக்கத்தில் போடுகிறேன்.

இப்போது கனடா ஏன் இறுக்குகிறது? அதன் காரணம் உங்கள் மகன் வாங்கிய விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது. மாணவர் விசா. டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாண அரசு 2019இல் உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, அப்படியே நிறுத்தி வைத்தது. கல்லூரிகள் பள்ளத்தை நிரப்ப வெளிநாட்டு மாணவர்களைப் பிடித்தன. அவர்களிடம் பல மடங்கு வாங்கலாம். நம் ஊர் ஏஜென்டுகளுக்குக் கமிஷன். 2023 முடிவில் கனடாவில் பத்து லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு மாணவர்கள் இருந்தார்கள், அதில் மிகப் பெரிய பங்கு இந்தியர்கள். அந்த ஒரே ஆண்டில் நாட்டின் மக்கள்தொகை 3.2 சதவீதம் கூடியது. 1957க்குப் பிறகு இல்லாத வேகம். வாடகை ஏறியது, ஒரு பேஸ்மென்ட் அறையில் நாலைந்து பேர் தங்கினார்கள், ஓட்டுப் போடுகிறவர்கள் கோபப்பட்டார்கள். 2024 ஜனவரியில் மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு வந்தது. செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை அப்போது 10,000 டாலரிலிருந்து 20,635 டாலர் ஆனது. அக்டோபரில் நிரந்தரக் குடியேற்றத்தையும் குறைத்தார்கள்: 2025க்கு 5 லட்சம் என்று இருந்த இலக்கு 3.95 லட்சம் ஆனது. புகலிடம் கேட்பவர்கள் எண்ணிக்கை இந்த வருடங்களில் கூடியதும் உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் அதில் மாணவர் விசாவில் போய் இறங்கிப் புகலிடம் கேட்ட இந்தியர்களும் இருக்கிறார்கள்.

மகன் மூன்றாவது முறை விண்ணப்பிப்பதாக இருந்தால் மறுப்புக் கடிதத்தில் எழுதியிருக்கிற காரணத்தை முதலில் ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள். அதே தாள்களை வேறு கன்சல்டன்சி மூலம் அனுப்பினால் அதே பதில்தான் வரும். டிப்ளமோ படிப்பு என்றால், 2024 நவம்பரிலிருந்து எல்லாப் பாடங்களுக்கும் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடைப்பதில்லை. அவன் தேர்ந்தெடுத்த படிப்பு பட்டியலில் இருக்கிறதா என்று கனடா அரசின் தளத்திலேயே பார்க்கட்டும். முதுகலைப் பட்டம் என்றால் அந்தப் பாடக் கட்டுப்பாடு இல்லை. கல்லூரி அனுமதிக் கடிதம் உண்மையானதா என்று கல்லூரிக்கே எழுதிக் கேட்கட்டும். போலிக் கடிதத்தை நம்பிப் போய், 2023இல் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்த இந்திய மாணவர்கள் உண்டு. படிப்பு முடித்தால் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) நிச்சயம் என்று சொல்கிற ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அதைக் கொடுக்கிற அதிகாரம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.