பழைய சட்டையை விட மனசு வரலையா?

கேள்வி: பதினோரு வருஷமா ஒரே காட்டன் சட்டையை வீட்ல போட்டுட்டிருக்கேன், காலர் நைஞ்சு பட்டன் ரெண்டு போயாச்சு, பீரோ நிறைய புதுசு இருந்தும் கை அதுக்குத்தான் போகுது. வீட்ல எல்லாரும் கிண்டல் பண்றாங்க. இது ஏதாவது வியாதியா சார்?

பதில்: அட, வியாதியெல்லாம் இல்லைங்க! புது காட்டன் துணில கஞ்சி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அது துவைக்கத் துவைக்கப் போயிடும், நூலும் தளர்ந்துடும், அதான் பழசு அவ்ளோ மெத்துனு இருக்கு. வாசனை வேற. மத்த புலன்களோட சேதி மூளைல தலாமஸ்ங்கிற இடம் வழியாதான் போகும், வாசனை மட்டும் அதைத் தாண்டி நேரா உணர்ச்சி, ஞாபகம் இருக்கிற பக்கம் போயிடும். தவறிப்போனவங்க சட்டையை துவைக்காமயே மடிச்சு வச்சிருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க, சொல்வாங்க (எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு).

ஆனா ‘டிரெஸ் மாத்தினா ஆளே மாறிடுவான்’னு சொல்றாங்களே, அதை அப்படியே நம்பிடாதீங்க. 2012ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், வெள்ளை கோட் போட்டவங்க கவனம் கூடுச்சுன்னு எழுதினாங்க, அதே கோட்டை பெயின்டர் கோட்டுனு சொன்னா அந்தப் பலன் இல்லையாம், டாக்டர் கோட்டுனா இருக்காம்! 2019ல வேற குழு அதுல முதல் சோதனையை, அதாவது கோட் போட்டவங்களையும் போடாதவங்களையும் ஒப்பிட்டதை, திரும்பப் பண்ணிப் பாத்தாங்க, ரெண்டு பேருக்கும் வித்தியாசம் வரவே இல்ல.

சட்டையை வச்சுக்கோங்க. பட்டனை மட்டும் தச்சுடுங்க, விருந்தாளி வந்தா பாவம்!