டுடோரியல் நினைப்பை விடுங்கள்

கேள்வி: எங்கள் மகனுக்கு 16 வயது. கலிஃபோர்னியாவில் பதினோராம் வகுப்பு படிக்கிறான். இரண்டு வருடங்களுக்கு முன் கணவரின் வேலைக்காக ஊர் மாறினோம். அதிலிருந்து அவன் பாதி நாள் பள்ளிக்குப் போவதில்லை. பள்ளிப் படிப்பை முடித்ததற்கான டிப்ளமா வாங்க 45 கிரெடிட் (பாடம் முடித்தால் கிடைக்கும் புள்ளி) குறைகிறதாம். 'கன்டினியுவேஷன் ஹைஸ்கூல்' என்ற பள்ளிக்கு மாற்றலாம் என்று பள்ளியின் கவுன்சலர் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். "அது கெட்டுப்போன பிள்ளைகள் போகிற இடம், மதுரையில் தாத்தாவிடம் அனுப்பிவிடலாம்" என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கணவருக்கு இதைச் சொன்னவரும் ஒரு தமிழ் அப்பாவாகத்தான் இருப்பார். இந்தப் பள்ளி என்றதும் நம் கண்முன் வருவது நம்மூர் பஸ் நிலையத்து மாடியில் இருக்கும் டுடோரியல்தானே! அங்கே போனவன் ஃபெயிலானவன் என்று எந்தக் காலத்திலோ முத்திரை குத்திவிட்டோம். அதைக் கடல் கடந்தும் சுமந்து வந்திருக்கிறோம்.

வேலைக்குப் போய்விட்ட பதின்வயதினரின் படிப்பு அறுந்துவிடக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1919 வாக்கில் தொடங்கிய ஏற்பாடு இது. 16 வயது ஆனவர்களுக்கானது. குறைந்தபட்சம் வாரத்துக்கு 15 மணி நேரம் வகுப்பு. கிடைப்பதும் உயர்நிலைப் பள்ளி டிப்ளமாவேதான். வழக்கமான பள்ளியில் ஒரு பாடத்தை அரையாண்டு படித்துக் கடைசி மாதம் சறுக்கினால் ஐந்து கிரெடிட்டும் போயிற்று. இங்கே பெரும்பாலும் முடித்த வேலைக்கு முடித்த அளவுக்குக் கிரெடிட். 45 என்பது மலைக்கிற எண்ணிக்கை இல்லை.

தெரிந்தவர் வீட்டுப் பையன் ஒருவன் இப்படிப் படித்தான். அறைக் கதவின் உள்பக்கம் ஒரு கட்டக் காகிதம் ஒட்டியிருந்தான், கிரெடிட்டுக்கு ஒரு கட்டம். முடிக்க முடிக்கப் பச்சை பென்சிலால் தீட்டுவான். மளிகைக் கடையில் பார்த்த மாலை வேலைக்கும் கிரெடிட் உண்டு என்று தெரிந்த அன்று மூன்று கட்டத்தை ஒரேயடியாகத் தீட்டினானாம். அவன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்படிப்பட்ட பள்ளிகளில் பல ஊரோடு கைகோத்து நடப்பவை. பக்கத்து சமுதாயக் கல்லூரியில் (இரண்டாண்டுப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜ்) வகுப்பு, உள்ளூர் அமைப்புகளிலிருந்து மனநல ஆலோசகர், தொழிற்பயிற்சி என்று பள்ளிக்குப் பள்ளி மாறும். வெளியிலிருந்து இத்தகைய உதவிகளைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவருவதற்கென்று 2021-இல் மாநில அரசு 300 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் உங்கள் மாவட்டத்துக்கு என்ன வந்தது, வெளியாட்கள் எந்தெந்த நாளில் வருகிறார்கள் என்று கவுன்சலரிடம் கேளுங்கள். 'வருவார்கள்' என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், கிழமையைக் கேளுங்கள்.

ஒரு குறையை மறைக்க மாட்டேன். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேரத் தேவையான 15 பாடங்களும் இந்தப் பள்ளிகளில் பெரும்பாலும் கிடைக்காது. சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மாறுவதுதான் வழி. அந்தப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ், அர்வைன் உட்பட ஆறு வளாகங்கள், கேட்கிற மதிப்பெண் எடுத்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் தருகின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் அதில் இல்லை. விண்ணப்பிக்கத் தடை கிடையாது.

மாற்றம் உங்கள் விருப்பத்தின் பேரிலா, கட்டாயமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விருப்பத்தின் பேரில் போனவன், அடுத்த கல்வியாண்டுத் தொடக்கத்தில் பழைய பள்ளிக்கே திரும்பச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் முன்னால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். பாதி நாள் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளையைச் சோம்பேறி என்று நான் எடுத்த எடுப்பில் சொல்லமாட்டேன்.

மதுரை வேண்டாம். ஒரு ஊர் மாற்றத்தில் இடறியவனை இன்னொரு நாட்டுக்குத் தூக்கிப் போடுவானேன்? தாத்தாவிடம் கோடை விடுமுறைக்கு அனுப்புங்கள், மாம்பழமாவது கிடைக்கும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கவுன்சலர் சொல்வது இருக்கிறது, கணவர் சொல்வது இருக்கிறது. பையன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரே உட்கார்ந்து கேட்காதீர்கள். காரில் போகும்போது, நீங்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கேளுங்கள். கூட்டத்துக்கு அவனையும் அழைத்துப் போங்கள்.